கொசுவமும் குஷனும்

சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் முதலிய ஊர்களில், தமிழர் இல்லங்களின் கூடத்து நாற்காலியின்மீது சாய்த்து வைத்திருக்கும் ஒருவகைத் திண்டை நம் வாசகர்களிற் பலர் கண்டிருப்பர். சாட்டின் துணியோ வெல்வெட்டோ அதன் உறை. உறையின் முகத்தில் வண்ண நூற் பூவேலை இல்லை. வேறு துணியை வெட்டி வைத்துத் தைக்கவும் இல்லை. ஒரே துணி தானே எழுந்தும் மடிந்தும், சிலவற்றிற் கூடை முடைந்தாற் போலவும், சிலவற்றிற் பூவிதழ் அடுக்கினாற் போலவும் தோற்றந் தருகிறது. வட்டத் திண்டாயின், மடிப்புகள் யாவும் நடுவிலுள்ள ஒரு பித்தானை நோக்கி ஓடிக் கூடுகின்றன. இவ்வேலைக்கு மலாய்ப் பெண்டிரும் நம் பெண்டிரும் வழங்கும் பெயர் 'ஸ்மாக்கிங்' என்பது. பெயரைக் கேட்டுப் புகையிலையோடு சேர்த்து எண்ண வேண்டா. 'ஸ்மாக்' என்பது ஓர் அங்கியின் பெயர். அவ்வங்கியை உடுத்தவர் யார், அதன் மடிப்பு மெத்தைக்கு எவ்வாறு ஏறிற்று, கெடாவின் தோட்டத்து வீட்டுக்கு அஃது எவ்வழியாக வந்தது என்று ஆராயப் புகுந்தோமாயின், துணியின் கதை உட்கார்ந்தவர் கதையாகவும் நின்றவர் கதையாகவும் விரிகிறது.

18, 19-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில் ஆடு மேய்த்தவரும் வண்டி ஓட்டியவரும் ஏர் பிடித்தவரும் உடுத்த மேலங்கியே ஸ்மாக். முரட்டு லினன் துணியாலோ பருத்தியாலோ அது தைக்கப்பெற்றது. உடலின் வளைவுக்குத் தக்கபடி துணியை வெட்டினால் துண்டு துணுக்குகள் வீணாகும்; உழவனுக்கு அது கட்டுப்படியாகாது. ஆகவே சதுரமும் நீள்சதுரமுமாகக் கிழித்த துணிகளையே இணைத்தனர். சாக்குப் போல் அகன்ற அவ்வங்கி உடலில் நிற்க வேண்டுமே! அதற்காக மார்பிலும் முதுகிலும் மணிக்கட்டிலும் துணியை நெருங்கிய சிறு மடிப்புகளாகச் சுருக்கி, அம்மடிப்புகளின் முகட்டில் நூலோட்டிப் பிணைத்தனர். கை வீசினால் மடிப்பு விரியும். கை தாழ்ந்தால் கூடும். முன்னும் பின்னும் ஒரே வடிவாய் அமைந்த அங்கிகளும் இருந்தன. முன்புறம் அழுக்கேறின் திருப்பி உடுத்திக் கொள்ளலாம். தாமஸ் ஹான்காக் என்பார் கையுறை, காலுறைப் பட்டை முதலியவற்றில் ரப்பரைப் பொருத்தி இழுபடச் செய்யும் முறைக்கு 1820-இல் காப்புரிமை பெற்றார். அம்முறை ஏழை உழவன் அங்கி வரையில் வந்து சேரப் பல்லாண்டு சென்றது. அதுகாறும் துணிக்கு ரப்பரின் குணத்தைத் தந்தது மடிப்பே.

தமிழ்ப் பெண் இதனைக் கேட்டு வியப்படைய மாட்டாள். நாற்று நடவும் களை பறிக்கவும் குனிந்து எழும் நம் உழவர் மகளிர் கண்டாங்கிச் சேலையைப் பின்கொசுவம் வைத்துக் கட்டியது அழகுக்காகவா? கால் வீசி நடக்கவும், வரப்பு ஏறவும், சேற்றில் இறங்கவும் துணி இடங்கொடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் அது பழையபடி கூடி நிற்க வேண்டும். கொய்சகம் என்று நூல்களில் வழங்குவதும் இக்கொசுவமே. இங்கிலாந்தின் இடையனும் தஞ்சையின் நடவுப் பெண்ணும் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. ஆயினும் உழைக்கும் உடம்புக்குத் துணி எவ்வாறு இணங்க வேண்டும் என்ற வினாவுக்கு இருவர் கண்ட விடையும் ஒன்றாயிருக்கிறது. உழையாதவர்க்கும் மடிப்பு உண்டு. மிராசுதார் தோளில் விசிறி மடிப்பாய்த் தொங்கும் அங்கவஸ்திரம் அவ்வகையது. அது விரிவதும் இல்லை, கூடுவதும் இல்லை. தொங்குவதே அதன் தொழில்.

நிற்க. ஸ்மாக் அங்கியின் பிற்காலம் கவனிக்கத்தக்கது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து கதிரடிக்கும் பொறி முதலியன வயலுக்கு வந்தன. தொங்கும் அங்கி சக்கரத்திற் சிக்கும் என்ற அச்சம் பிறந்தது. ஆயத்த உடுப்புகள் மலிந்தன. அன்றியும், அவ்வங்கி பட்டிக்காட்டுக் கூலியின் அடையாளமாகி, நகரத்தார் நகைப்புக்கு இலக்காயிற்று. 1872-இல் ஜோசப் ஆர்ச் என்னும் தொழிலாளர் தலைவர் வார்விக்ஷயரில் வேளாண் கூலிகளைத் திரட்டிச் சங்கம் கண்ட காலத்தில், இளைஞர் பலர் அவ்வுடையை விட்டொழித்திருந்தனர். உழவன் கழற்றிய அங்கியின் மடிப்பைச் சீமாட்டிகள் எடுத்துக் கொண்டதுதான் வேடிக்கை! லண்டன் மாநகரில் லிபர்ட்டி என்னும் பெருங்கடை 1884-இல் ஆடைப் பிரிவு ஒன்றைத் தொடங்கிற்று. அங்கும் பிறவிடங்களிலும் செல்வர் வீட்டு மகளிர்க்கும் குழந்தைகட்கும் ஸ்மாக் மடிப்பு வைத்த பட்டுச் சட்டைகள் தைக்கப்பெற்றன. உழைத்தவன் அணிந்தபோது இழிவென்றும், உழையாதார் அணிந்தபோது கலையென்றும் ஒரே மடிப்புக்கு இரு பெயர்! துணி மாறவில்லை, தோள் மாறிற்று.

இனி மெத்தைக்கு வருவோம். ஐரோப்பியர் வீட்டு நாற்காலிகளில் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சுருள்வில் புகுந்தது. வில்லின்மேல் குதிரைமயிரைப் பரப்பித் தோலோ துணியோ போர்த்தினால், அமர்பவர் அசையுந்தோறும் மயிர் ஒருபுறம் ஒதுங்கிக் குழி விழும். இதனைத் தடுக்க மெத்தைகாரர் ஒரு வழி கண்டனர். போர்வையின்மேல் ஒழுங்கான இடைவெளியில் பித்தான்களை வைத்து, முறுக்கு நூலை ஊசியால் மெத்தையை ஊடுருவச் செலுத்தி, அடியில் இழுத்துக் கட்டினர். பித்தானுள்ள இடம் குழிந்தது. குழிகளுக்கு இடைப்பட்ட மிகுதித் துணி சாய்சதுரக் கோடுகளாக மடிந்தது. அம்மடிப்புகளை விரலாலும் மழுங்கிய கத்தியாலும் ஒழுங்குபடுத்தி ஒரே திசையிற் படிய வைப்பதில்தான் கைத்திறன் விளங்கும். பிரெஞ்சுக்காரர் இதனைக் கப்பிதோனே என்பர். தேவைக்காகப் பிறந்த மடிப்பு இங்கும் விரைவில் பகட்டாயிற்று. பித்தான் எத்துணை ஆழமோ, அத்துணைத் துணி செல்லும். எத்துணைத் துணியோ, அத்துணைச் செல்வம். தோட்டத்துத் துரை பங்களாவிலும், பட்டணத்துக் கிளப்புகளிலும், வங்கி மேலாளர் அறையிலும் இருந்த பித்தான் பதித்த தோல் நாற்காலி இதுவே. துரை அதில் அமர்ந்திருக்கக் கங்காணி எதிரே நின்றார். தொழிலாளி படிக்கட்டின் கீழே நின்றான்.

யார் அமரலாம், எதன்மேல் அமரலாம் என்ற கட்டுப்பாடு வெள்ளையர் கொண்டுவந்த புதுமை அன்று. மலாய் அரசர் வரலாறு கூறும் செஜாரா மெலாயு என்னும் நூல், மலாக்காவின் சுல்தான் முகம்மது ஷா மஞ்சள் நிறத்தை அரசர்க்கே உரியதாக்கிக் குடிமக்களுக்கு விலக்கினார் என்கிறது. உடைக்கு மட்டுமோ அவ்விலக்கு? திரைச்சீலையின் ஓரம், மெத்தை, தலையணை உறை இவற்றிலும் மஞ்சள் கூடாதாம்! 15-ஆம் நூற்றாண்டில் ஒருவன் தன் வீட்டினுள், தன் தலையின்கீழ், எந்நிறத்துத் துணி வைத்துத் துயிலலாம் என்பது வரையில் ஆணை சென்றிருக்கிறது. மலாய்த் திருமண மேடையில் மணமக்கட்கு இருமருங்கும், முகப்பிற் பொன்னிழை வேலை செய்த நீண்ட திண்டுகளை அடுக்கும் மரபு உண்டு. பந்தால் செராகா என்பது அவற்றின் பெயர். நாள் முழுதும் உழைக்கும் எளிய குடியிற் பிறந்தவனும் மணநாளில் ஒரு நாள் அரசனாக அமர்கிறான். 'ராஜா செஹாரி', அதாவது ஒருநாள் அரசன், என்றே மலாய்க்காரர் மணமகனைக் கூறுவர். இதில் நாம் குறை காணவில்லை. மற்றை நாள்களில் அவன் எங்கே அமர்ந்தான் என்பதே நம் வினா.

நம் நாட்டுச் செய்தி இதனினும் கடியது. பழந்தமிழ்ப் புலவர் மோசிகீரனார் வழிநடந்த களைப்பால், அரண்மனையில் முரசு வைக்கும் கட்டிலின்மேல், அஃது இன்னதென அறியாது ஏறித் துயின்றார். முரசை நீராட்ட எடுத்துச் சென்றிருந்த வேளை அது. கட்டிலில் மென்மலர் பரப்பியிருந்தது. முரசுகட்டிலில் ஏறினார்க்கு வாள்தான் தண்டனை. தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையோ, அவரை வெட்டாது விட்டதோடு அமையாமல், விசிறி எடுத்து வீசி நின்றான். புறநானூற்றின் 50-ஆம் பாட்டு இதனைக் கூறுகிறது. அரசனின் தமிழன்பைப் புகழ்வதற்கே இக்கதையைப் புலவர் மேடைகளில் கூறுவர். நாம் அதனை மறுக்கவில்லை. ஆனால், களைத்த மனிதன் மெத்தென்ற இடத்திற் படுத்தால் உயிர் போகும் என்ற சட்டம் ஒன்று அங்கு இருந்தது என்பதை அவர்கள் கூறாது விடுகின்றனர். புலவராய் இருந்தமையால் அவர் பிழைத்தார். அவ்விடத்திற் படுத்தவன் பறை அறைபவனாகவோ புல் அறுப்பவனாகவோ இருந்திருப்பின்?

அச்சட்டம் சங்க காலத்தோடு அழிந்துவிட்டதென எண்ணுவார்க்கு ஒரு செய்தி. 1930-ஆம் ஆண்டில் இராமநாதபுரம் சீமையில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்க்கு எட்டுத் தடைகளை விதித்தனர். பொன்னும் வெள்ளியும் அணியலாகாது, பெண்டிர் மேலுடம்பை மறைக்கலாகாது, குடை பிடிக்கலாகாது, செருப்பு அணியலாகாது என்பன அவற்றுட் சில. மீறியவர் குடிசைகள் எரிக்கப்பெற்றன. இத்தகைய ஊர்களை விட்டுத்தான் பலர் கப்பலேறினர். கூலி மட்டுமே அவர்களை இழுத்ததென்று எழுதும் ஆசிரியர்கள், திண்ணையில் உட்கார உரிமையில்லாத ஒருவன் கடலைக் கடக்கத் துணிவதன் காரணத்தைப் பாதியளவே கண்டவராவர்.

கெடாவுக்கும் நமக்கும் துணி வழியாக உள்ள உறவு மிகப் பழையது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பொருள்களுள் காழகத்தின் ஆக்கத்தையும் கூறுகிறது. காழகம் என்பது கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரை வகுத்தார். காழகம் என்ற சொல்லுக்கு ஆடை என்ற பொருளும் உண்டு என்பது ஒரு வேடிக்கையான பொருத்தம். 1025-இல் இராசேந்திர சோழன் படை கடாரத்தைக் கொண்டதைப் பெருமையுடன் பேசுவோர் உளர். படை சென்ற ஆண்டு ஒன்று. துணி சென்ற ஆண்டுகள் பல நூறு. பழவேற்காட்டிலிருந்து சென்ற கட்டங்கட்டிய கைலியை மலாய்க்காரர் இன்றளவும் காயின் பெலேக்காட் என்றே வழங்குகின்றனர். சோழமண்டலக் கரையின் முஸ்லிம் வணிகர் கெடாவின் துறைகளில் துணி விற்றனர். படுக்கைக்கு மலாயில் 'காத்தில்' என்று பெயர். அது நம் 'கட்டில்' அன்றி வேறில்லை. கட்டில் என்ற சொல்லைக் கடல் கடந்து கொடுத்த இனம் நாம். அவ்வினத்தின் மக்கள் பிற்காலத்தில் அதே மண்ணில் கட்டிலின்றித் தரைப்பாயிலும் பலகையிலும் படுக்க வந்தனர்.

கெடா 1909-இல் சயாமின் பிடியிலிருந்து ஆங்கிலேயர் பிடிக்குப் போயிற்று. அதனையொட்டி ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தமிழ்த் தொழிலாளர் லயங்களில் நிறைந்தனர். லயத்து அறையில் தலையணையாக இருந்தது பழஞ்சேலை. நைந்த சேலைகளை மடித்து, நல்ல பகுதி மேலே வரும்படி வைத்து, நீண்ட ஓட்டுத் தையல் போட்டு அணையாக்கினர். குழந்தைக்கு ஏணையும் அச்சேலை, விரிப்பும் அச்சேலை. கையில் நாலு காசு சேர்ந்தோர் மாவுச்சாக்கைத் துவைத்து உறையாக்கினர். 1920-ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் மலாயாவின் பல பகுதிகளில் தமிழ்த் தொழிலாளர்க்கு நிர்ணயிக்கப்பெற்ற நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. கடையில் மெத்தை வாங்குவது எங்ஙனம்?

ஆயினும் பஞ்சுக்குக் குறைவில்லை. மலாய்க்காரர் கெகாபு என்று கூறும் இலவமரம் கெடாவின் கம்பங்களிலும் சாலையோரங்களிலும் நெட்டையாய் நின்றது. கெடாவில் ஆண்டின் முதல் மாதங்கள் வறண்டவை. அப்போது ரப்பர்மரம் இலையுதிர்க்கும், பால் குறையும், கூலியும் குறையும். அந்தக் கோடையிலேயே இலவங்காய் முற்றி வெடிக்கும். வீட்டில் ஓய்ந்திருக்கும் கைக்கு இயற்கை தந்த வேலை இது. காயை உடைத்து, பஞ்சைக் கூடையில் இட்டுக் கோலாற் சுழற்றினால் விதை அடியில் இறங்கும். மூக்கிலும் வாயிலும் துணி கட்டிக்கொண்டு செய்ய வேண்டும். இல்லாவிடின் இருமல் விடாது. பின்பு பஞ்சை வெயிலிற் காய வைத்து உறையுள் அடைப்பர். அப்போதைக்கு உறை பந்துபோல் பருத்திருக்கும், சின்னாட்களில் அமுங்கிவிடும். ஆகையால் எதிர்பார்ப்பதைவிட மிகுதியாக அடைப்பதே வழக்கம்.

'இலவு காத்த கிளி' என்று பழமொழி கூறும் நாம், அக்கிளி ஏமாந்த பொருளை ஏளனமாகக் கருதலாகாது. இலவம்பஞ்சின் இழை உள்ளே குழலாய், மேலே மெழுகு பூத்ததாய் இருக்கும். நீர் அதில் எளிதில் ஏறாது. தன் எடையைப்போல் ஏறத்தாழ 30 மடங்கு எடையை நீரில் மிதக்க வைக்கவல்லது. வழுக்கும் இழையாதலின் நூலாக நூற்பது அரிது, அடைப்பதற்கே ஏற்றது. இரு உலகப் போர்களிலும் கடலில் வீழ்ந்த மாலுமிகளை மிதக்க வைத்த உயிர்காப்புச் சட்டைகளில் இருந்தது இப்பஞ்சே. உலகச் சந்தைக்குப் பெரும்பகுதி சாவகத்திலிருந்து சென்றது. 1942-இல் ஜப்பானியர் சாவகத்தைப் பிடித்தபோது அமெரிக்கரின் கப்பற்படைக்குப் பஞ்சு முட்டிற்று. பள்ளிச் சிறுவர்களை வயல் வெளிகளுக்கு அனுப்பி, எருக்கு இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் காய்களைச் சேர்த்துப் பஞ்சுக்கு ஈடாக்கினர். அதே ஆண்டுகளில் கெடாத் தோட்டங்களில் பஞ்சு இருந்தது. உறைக்குத் துணிதான் இல்லை. ஜப்பானியர் ஆட்சியில் கோணிச்சாக்கை உடுத்திய நம்மவர், தலையணைக்குத் துணி தேடுவரோ? சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப் பெற்றவருட் பலர்க்குத் தலை வைக்கத் தலையே மிஞ்சவில்லை.

இங்கே மற்றொரு பொருளைக் கூறியாக வேண்டும். அது நம்மவர் கையாற் சுரந்தது. 1929-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் டன்லப் கம்பெனியைச் சேர்ந்த மர்ஃபி என்னும் இரசாயன அறிஞர், ரப்பர்ப்பாலை நுரைக்க அடித்து, நுரை அடங்குமுன் உறைய வைத்து, மெத்தை செய்யும் முறையைக் கண்டார். கேக் மாவு கலக்கும் வீட்டுக் கருவியால் முதலிற் பாலை அடித்துப் பார்த்தார் என்பர். மரத்திலிருந்து வடியும் பாலில் ரப்பர் மூன்றில் ஒரு பங்கு அளவே இருக்கும். அதில் அம்மோனியா சேர்த்துக் கெடாமற் காத்து, பொறியிற் சுழற்றி நீரைப் பிரித்து, நூற்றுக்கு 60 பங்கு ரப்பராகச் செறிய வைத்துக் கப்பலேற்றினர். அங்கே அதனோடு சவர்க்காரமும் கந்தகமும் சேர்த்து அடித்து, உறையவைக்கும் உப்பிட்டு, அச்சில் வார்த்து, ஆவியில் வேகவைத்தனர். கட்டியாகாமல், குழியாமல், அமுக்கினால் மீண்டெழும் மெத்தை பிறந்தது. பித்தான் இல்லை; மயிர் ஒதுங்கும் அச்சமும் இல்லை. கப்பிதோனே மடிப்புக்கு இருந்த காரணமே போய்விட்டது.

இதனைத் தோட்டத்தார் கண்கொண்டு காண்போமாக. விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்குக் கட்டி, மரத்துக்கு மரம் நடந்து, பட்டையைச் சீவிப் பாலெடுத்தவள் ஒருத்தி. அப்பால் கடல் கடந்து மெத்தையாகித் திரையரங்கிலும் பேருந்திலும் செல்வர் கூடத்திலும் அமர்ந்தது. அம்மெத்தையின் விலையை அவள் தன் கூலியால் அளந்து பார்த்தால், எத்தனை மாதம் மரம் சீவ வேண்டும்? டன்லப் கம்பெனிக்கு மலாயாவிலேயே பெருந்தோட்டங்கள் இருந்தன. பால் போன வழியில் மெத்தை திரும்பி வரவில்லை. பிற்காலத்தில், 1950-ஆம் ஆண்டுகளுக்குப் பின், எண்ணெயிலிருந்து செய்யும் செயற்கை நுரை மலிந்து பரவிய பிறகே 'ஸ்பாஞ்சு' என்ற பெயரில் நுரைமெத்தை ஏழை வீட்டுக்கு எட்டிற்று. அதில் ரப்பர்ப்பால் ஒரு துளியும் இல்லை.

ஸ்மாக்கிங் தையல் இந்நாட்டுக்குள் வந்த வழிகள் பலவாகும். 1852-இல் பினாங்கில் குழந்தை இயேசு சபைக் கன்னியர் வந்திறங்கியபின் பெருகிய கான்வென்ட் பள்ளிகளில் ஊசிவேலை ஒரு பாடம். சிங்கர் தையற்பொறி தவணை முறையில் ஊரூராய் விற்கப்பெற்றது. பொறி வாங்கிய வீடு அண்டை வீட்டார்க்குத் தையற்பள்ளியாயிற்று. 1960-ஆம் ஆண்டுகள் தொட்டுக் கெமாஸ் என்னும் சமூக வளர்ச்சித் துறையார் சிற்றூர்தோறும் தையல் வகுப்புகள் நடத்தினர். ஆங்கிலச் சீமாட்டி வீட்டுக் குழந்தையின் சட்டையில் இருந்த மடிப்பு, இவ்வழிகளால் மலாய்க் கம்பத்துக்கும், சீனர் கடைவீட்டுக்கும், தமிழர் லயத்துக்கும் வந்தது. முதலில் அதனை உழவன் தோளில் தைத்தவளும் இதுபோன்ற ஓர் எளிய வீட்டுப் பெண்தான் என்பதை வகுப்பில் யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

குஷனுக்கு ஏற்றது இதில் ஒருவகை; கனடிய முறை என்று தையலார் கூறுவர். ஆங்கில முறையில் முதலில் மடிப்பு, பிறகு அதன் முகட்டில் பூந்தையல். கனடிய முறையிலோ வேலை முழுதும் துணியின் பின்புறத்தில் நடக்கும். பின்புறத்தில் ஓர் அங்குல இடைவெளியில் கட்டங்கள் வரைந்து புள்ளியிடுவர். ஒரு புள்ளியில் ஊசியால் இரண்டோர் இழையைத் தூக்கி, அடுத்த புள்ளியிலும் தூக்கி, இரண்டையும் இழுத்து முடிச்சிடுவர். அடுத்து ஒரு புள்ளிக்குச் செல்லும்போது நூலை இழுக்கலாகாது; தளர்வாக விட்டு அங்கும் முடிச்சிட வேண்டும். எங்கே இழுப்பது, எங்கே விடுவது என்பதே இதன் முழு இலக்கணம். இழுக்க வேண்டாத இடத்தில் ஒருமுறை இழுத்துவிட்டால் வரிசை கோணும். சாட்டினில் ஊசித்துளை தெரியுமாதலின் பிரித்துத் தைப்பதும் கடினம். முன்புறத்தில் என்ன உருவாகிறது என்பதைத் தைப்பவள் இடையிடையே திருப்பித்தான் பார்க்க முடியும். நல்ல கைகாரிகள் திருப்பிப் பார்ப்பதே இல்லை. விரலே கூறும் என்பர்.

மடிப்பு துணியை விழுங்கும். 16 அங்குலச் சதுரத் திண்டின் ஒரு முகத்துக்கே அதன் இருமடங்கு அகலமுள்ள துணி தேவைப்படலாம். இதனால் தோட்டத்துப் பெண்டிர் துணிக்கடையில் துண்டுத்துணி மலிவாய்க் கிடைக்கும் நாள் பார்த்து வாங்கினர். தீபாவளிக்கு இரண்டு திங்கள் முன்பே தொடங்கினர். பால்வெட்டு முடிந்து, சமையல் முடிந்து, பிள்ளைகள் உறங்கிய பிறகு கிட்டும் ஒருமணி நேரமே தையலுக்குரியது. இதனைப் பொழுதுபோக்கு என்று ஆடவர் கூறினர். பொழுது அவர்களுக்குத்தான் போயிற்று.

இத்தையலுக்கு மதிப்புக் கிடைக்கவில்லை என்று நாம் கூறுவது முழுதும் சரியன்று. பெண் பார்க்க வந்தோர் திண்டைக் கையில் எடுத்துப் பார்ப்பர். யார் தைத்தது என்று கேட்பர். பெண் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாள். அவள் தைத்த திண்டில் வந்தவர் சாய்ந்திருப்பார். பெண்ணுக்கு அன்று கிடைத்த மதிப்பு திண்டுக்குக் கிடைத்ததைவிடக் குறைவாகவே இருந்தது. திண்டை உட்கார வைத்தனரல்லவா? மணமானபின் அதே பெண் புகுந்த வீட்டில் இன்னும் நான்கு தைப்பாள். அவற்றை விற்றுக் காசாக்கலாம் என்ற எண்ணம் பலர்க்குத் தோன்றவில்லை. தோன்றியவர்க்கும் துணிவிலைக்குமேல் கேட்க நா எழவில்லை. ஆடவன் குஷன் கடை வைத்து வண்டி இருக்கைக்கு உறை தைத்தால் அது தொழில். பெண் வீட்டில் தைத்தால் கைவேலை. லிபர்ட்டி கடையின் கதைதான் மீண்டும் நடக்கிறது. இம்முறை சீமாட்டியின் இடத்தில் ஆடவன் நிற்கிறான்.

கெடாவின் தோட்டங்கள் பல துண்டாடப் பெற்றன; பலவற்றில் ரப்பர் அழிந்து செம்பனை வந்தது; பல வீட்டுமனைகளாயின. 1996-இல் கூலிமில் உயர்நுட்பத் தொழிற்பேட்டை திறக்கப்பெற்றது. தோட்டத்துப் பெண்களின் மகளிர் அங்கும் சுங்கைப்பட்டாணித் தொழிற்சாலைகளிலும் முறைவேலைக்குச் செல்கின்றனர். இலவமரங்கள் அருகிவிட்டன, தலையணைக்குள் இப்போது பாலியஸ்டர் இழை. அங்காடிகளில் பொறி மடித்த குஷன் உறைகள் அடுக்கடுக்காய்த் தொங்குகின்றன. மடிப்பில் அவற்றுக்கும் கைவேலைக்கும் வேற்றுமை தெரிவதே அரிது.

வேற்றுமை அறிய விரும்புவோர் உறையைக் கழற்றி உள்புறம் திருப்பிப் பார்க்க வேண்டும். கையால் தைத்ததாயின், பென்சிலால் இட்ட கட்டங்கள் மங்கலாகத் தெரியும். ஒவ்வொரு மடிப்பின் வேரிலும் ஒரு முடிச்சு இருக்கும். ஒரு திண்டுக்குச் சில நூறு முடிச்சுகள். முடிச்சுக்கு முடிச்சு தளர்வாய் ஓடும் நூல் அடிக்கடி நிறம் மாறியிருக்கும். நூற்கண்டு தீர்ந்ததும் வீட்டில் இருந்த நூலை எடுத்துத் தைத்திருக்கிறாள். சட்டைக்குப் பித்தான் தைத்த வெள்ளை நூல், பள்ளிப் பாவாடைக்கு வாங்கிய நீல நூல், பிறகு மறுபடி வெள்ளை.